பல் டாக்டரின் கண்ணாடி

நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த சட்டைப் படத்தைப் பார்த்தேன். அப்பா பத்து வயது குறைந்து தெரிகிறார். நரை போய்விட்டது. கன்னத்துக் குழி நிறைந்துவிட்டது. மூக்கின் மேல் கண்ணாடி இல்லை. டிசைன் செய்தவருக்கு நல்ல கை. கண்ணாடி இருந்த தடமே தெரியவில்லை. படத்துக்குக் கீழே எல்லோரும் இதயம் போட்டிருக்கிறீர்கள். நான் மட்டும் போடவில்லை.

மாதக் கடைசியில் அப்பா பிரிண்டிங் வேலையிலிருந்து நிற்கிறார். அன்றைக்கு, வேலம்பாளையத்தில் நாம் வளர்ந்த அந்தப் பன்னிரண்டு லைன் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டும் என்பது உங்கள் திட்டம். முன்னால் அவர் முகம். முதுகில் சாதனைப் பட்டியல், நம் சின்ன வயதில் வந்த அந்த நீலச் சட்டையில் இருந்தது போலவே பதினொரு வரி. பட்டியல் என்றால் அவள்தான் என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள். முதல் வரியை நீங்களே கொடுத்தும் விட்டீர்கள்: வேலம்பாளையத்தின் ஒரே பல் டாக்டர்.

எழுதித் தருகிறேன். அதற்கு முன் அந்தக் கோடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததில் ஒரு பாதிதான் சரி.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த விடுமுறை அது. நம் லைன் வீடுகளுக்குப் பின் சுவரை ஒட்டித்தான் பனியன் கம்பெனி. முன் கேட்டில் நீல போர்டு: ‘குழந்தைகள் உள்ளே வரக் கூடாது.’ பின்பக்கம் ஒரு சின்னக் கதவு உண்டு, அதில் போர்டு இல்லை. அந்தக் கதவைத் திறந்தால் அப்பாவின் அறை. அந்த அறையில் இருந்தவை எனக்கு இன்றும் வரிசையாக நினைவிருக்கிறது: அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசை, மூன்று மெல்லிய பிரஷ், கறுப்பு மை பாட்டில், சுவரில் சாத்திய, மை இழுத்து அச்சடிக்கும் மரச்சட்ட ஸ்கிரீன்கள், தண்ணீர்த் தொட்டி, தலை ஆட்டும் ஒரு டேபிள் ஃபேன். மையும் ஈரத் துணியும் கலந்த ஒரு வாசனை. மதியம் சோறு கொண்டுபோகிற சாக்கில் போய், சாயங்காலம் வரை அங்கேயே கிடப்பேன்.

அப்பாவின் வேலை இதுதான். சட்டையில் அச்சிட வேண்டிய படம் முதலில் ஒரு பிலிம் தாளில் வரும். பிலிமில் கறுப்பாக இருக்கும் இடமெல்லாம் துணியில் மையாக விழும். தெளிவாக இருக்கும் இடத்தில் மை விழாது. துணியின் நிறமே நிற்கும். பிலிமில் ஒரு கீறல் இருந்தால், அது சட்டைக்குச் சட்டை கீறலாகவே போய் விழும். ஆகவே பிலிமைக் கண்ணாடி மேசைமேல் விரித்து, அடி வெளிச்சத்தில் பார்த்து, விட்டுப்போன இடத்தில் பிரஷ்ஷால் கறுப்பு வைத்து மூட வேண்டும். அதற்கு டச்சப் என்று பெயர். திருப்பூர் வட்டாரத்தில் அப்பாவின் கண்ணுக்குப் பேர் இருந்தது. முதலாளி தன் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டுவார்: “நம்ம அண்ணாச்சி கண்ணுல எறும்பு போனாக் கூட எத்தன காலுன்னு சொல்லிப் போடுவாருங்க.”

அந்தக் கோடையில்தான் அந்த ஆர்டர் வந்தது. கருநீலச் சட்டை, வெள்ளை மை. பனி நாட்டில் ஐஸ் ஹாக்கி ஆடி ஓய்வுபெறப் போகிற ஒரு பெரிய ஆட்டக்காரருக்காக அவருடைய ரசிகர்கள் வாங்கப்போகும் சட்டை. முன்னால் அவர் சிரிக்கும் முகம், முதுகில் பதினொரு வரி ஆங்கிலம். முதுகுப் பக்கம்தான் முதலில் அச்சானது. அதில் வீணான ஒரு துணித்துண்டை அப்பா எனக்குக் கொடுத்தார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது.

அர்த்தம் சொன்னவர் மெர்ச்சண்டைசர் அக்கா. வெளிநாட்டுக்காரர்களிடம் பேசி ஆர்டர் பார்ப்பது அவருடைய வேலை. குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மதியம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் அறைக்கு வந்துவிடுவார். ஃபேன் அங்கேதான் ஒழுங்காகச் சுற்றும்.

“ஒரு நாளைக்கு ஒரு வரிதான் கண்ணு. மொத்தமாக் கேட்டா எனக்குச் சோறு எறங்காது. பதிலுக்கு நீ ஒரு கீத்து மாங்கா, மொளகாப்பொடி போட்டது.”

நான் ஒரு நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டேன். ஒன்று: பள்ளிப் படிப்பு முடித்த வருடமே பெரிய அணியில் எடுக்கப்பட்டார். இரண்டு: முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார், அவர் வேலை கோல் போடுவதே இல்லை என்றாலும்.

“அப்பறம் என்ன வேலையாம்?” என்றார் அப்பா, பிலிமிலிருந்து தலையைத் தூக்காமல்.

“தடுக்கறதுங்க அண்ணா. அவரு தடுப்பாட்டக்காரருங்க.”

“கோல் போடுதவன் ஊருல எத்தன பேரு இருப்பான். தடுக்கவனுக்கா சட்ட அடிக்கானுவ?”

“அதானுங்க எனக்கும் ஆச்சரியம்.”

மூன்றாவது வரி அப்பாவை நிமிர வைத்தது. ஆட ஆரம்பித்த நாள் முதல் கடைசி வரை ஒரே அணி. பீஸ் ரேட்டில் ஐந்து பைசா ஏறினால் அடுத்த வாரமே கம்பெனி மாறுகிற ஊர் இது. அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, “ஒரு மட்டமாது சண்ட போட்டுட்டு வெளிய போயிருப்பாருல்லா?” என்றார். இல்லை என்றார் அக்கா. சாயங்காலம் அம்மாவிடம் அப்பா இதைச் சொல்ல, அம்மா, “போனஸு நல்லாக் குடுத்துருப்பானுவ” என்று முடித்துவிட்டாள்.

ஆட்டத்தை நாம் பார்த்தது ஒரே ஒரு முறை. சட்டையை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய ஒரு சிடியை அக்கா ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டார். ஜன்னல் கம்பிக்கு வெளியே நாம் எட்டுப் பேர், செங்கல்மேல் ஏறி நின்று பார்த்தோம். அதுவரை ஐஸ் என்றால் நமக்கு மீன் பெட்டியில் மரத்தூளோடு கிடப்பது, அல்லது குச்சியில் சிவப்பாக இருப்பது. அந்தத் திரையில் ஒரு மைதானமே ஐஸாக இருந்தது. பூட்ஸின் அடியில் கத்தி கட்டிக்கொண்டு மனிதர்கள் பறந்தார்கள். மட்டையால் அடிபட்ட ஒரு கறுப்பு ரப்பர் வட்டு கண்ணுக்கே தெரியாத வேகத்தில் போனது. எல்லோரும் அதிலிருந்து விலகினார்கள். ஒருவர் மட்டும் அதன் பாதையில் நீளமாகப் படுத்தார். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. வட்டு அவர் மேல் மோதிய சத்தம் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்டது. எழுந்தார். மறுபடி படுத்தார். செங்கலிலிருந்து இறங்கக்கூட மறந்து நின்றோம். கடவுள் படத்தைத் தவிர வேறெதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாளே நமக்கும் ஆட்டம் தொடங்கிவிட்டது. துணி ரோலின் நடுவில் வரும் அட்டைக் குழாய்தான் மட்டை. எலாஸ்டிக் சுற்றி வரும் பிளாஸ்டிக் சக்கரம்தான் வட்டு. தண்ணிக் குழாயடி சிமெண்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் ஐஸ். ஆனால் எல்லோருக்கும் அவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டு அணியிலும் தடுப்பாட்டக்காரர்கள் மட்டும். வட்டு அசைந்ததும் எட்டுப் பேரும் குறுக்கே விழுந்தோம். ஒரு வாரம் முழுக்க ஒரு கோல் கூட விழவில்லை. முழங்கையில் மட்டும் எல்லோருக்கும் காயம். “எந்த ஊரு வெளாட்டுடி இது, விழுறதுக்குன்னே?” என்று அம்மாமார் துரத்தினார்கள்.

ஆறாவது வரி எனக்குப் பிடித்தது. தடுக்கிறவரின் சாதனையை எப்படி எண்ணுவது என்பதற்கு அந்த ஆட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. அவர் களத்தில் நிற்கும்போது தன் அணி கோல் போட்டால் அவருக்கு ஒன்று கூட்டு. எதிரணி போட்டால் ஒன்று கழி. அவர் தொட்டாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அவர் இருந்தபோது என்ன நடந்தது, அவ்வளவுதான். அவருடைய கணக்கு அவர் நாட்டையே அசத்தும் அளவு கூட்டலில் நின்றதாம். எண் எனக்கு மறந்துவிட்டது. தப்பாக எழுத விரும்பவில்லை. ஆனால் அதைக் கேட்ட அன்றே நான் குழாயடிச் சுவரில் சாக்பீஸால் எல்லா வீட்டுக்கும் ஒரு கட்டம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். யார் குடம் பிடிக்க நிற்கும்போது சண்டை வந்ததோ அவர்களுக்கு ஒன்று கழித்தல். நான்காவது வீட்டு அத்தை மூன்றே நாளில் பாதாளத்துக்குப் போய், சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

ஏழாவது வரிக்கு அக்கா வரவில்லை. துணிச் சாயத்தில் வித்தியாசம் என்று சாயப்பட்டறைக்குப் போய்விட்டார். ஆபீஸ் பூட்டியிருந்தது. அன்றுதான் முன்பக்க முகத்தின் பிலிம் வந்தது.

அப்பா அதை வெளிச்சத்தின்மேல் விரித்தார். பிலிமில் முகம் தலைகீழ் நிறத்தில் இருக்கும். வெள்ளையாக வர வேண்டிய பற்கள் அதில் கறுப்பாக இருந்தன. எனக்கு அது முகமாகவே தெரியவில்லை, புள்ளிகளாகத்தான் தெரிந்தது. புள்ளிகளுக்கு நடுவே இரண்டு இடம் விட்டுப்போயிருந்தது. நான் விரலை வைத்தேன்.

“அப்பா, இங்கன ஒரு கீறல். கீழ ஒதட்டுலருந்து தாடை வரைக்கும். அப்பறம் இங்கன, பல்லு வரிசைல, பிஞ்சு போயிருக்கு.”

அப்பா குனிந்து பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சந்தேகமானாலும் ஆபீஸிலிருந்து ஒப்புதலான மாதிரிச் சட்டையை வாங்கி வந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவார். அன்று எழுந்து போனார், பூட்டைப் பார்த்தார், திரும்பி வந்தார்.

“கீறல்தானாட்டி?”

“கீறலேதான்ப்பா.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “எங் கண்ணு அப்பிடியே வந்துருக்குட்டி ஒனக்கு” என்றார். பிறகு மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, தாடைக் கீறலைப் புள்ளி புள்ளியாக மூடினார். விட்டுப்போன இடத்தில் மூன்று பல்லை, பக்கத்துப் பல்லின் அளவு பார்த்து, வரைந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவ்வளவு அழகான வேலை. அந்த மூன்று பல்லும் என்னால் வந்தவை என்று அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த நான்கு நாளில் ஆர்டர் மொத்தமும் அச்சாகிவிட்டது. அம்மா செக்கிங் மேசையில் இருந்தாள். அச்சான சட்டைகளில் குறை பார்ப்பது அவள் வேலை. ஆபீஸிலிருந்து வந்த மாதிரிச் சட்டை அங்கே பாலிதீன் உறையில் தொங்கியது. வித்தியாசத்தை முதலில் பார்த்தது அவள்தான்.

“மாதிரியில பல்லு இல்லையே. இதுல வரிசையா இருக்கே?”

சூப்பர்வைசர் இரண்டையும் பார்த்தார். “மாதிரி அவசரத்துல போட்டதுங்க. ஒரு பெரிய மனுசன ஓட்டப் பல்லோடயா போடுவாங்க? நம்ம அண்ணாச்சி சரி பண்ணியிருக்காரு. இதுதானுங்க நல்லாருக்குது.”

மேசையில் இருந்த எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. நம் ஊரில் காதுகுத்து பேனரில்கூடத் தாய்மாமனுக்குக் கறுப்பு முடியும் சிவந்த கன்னமும் வைக்காமல் யாரும் அச்சடிப்பதில்லை. படம் என்றால் குறை தீர்த்துத் தருவதுதான் மரியாதை. அம்மாவும் பெருமையோடு மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

பையரின் ஆள் சனிக்கிழமை பகலில் சோதனைக்கு வந்தார். முதல் பெட்டியைத் திறந்து ஒரு சட்டையை விரித்தார். இரண்டாவது பெட்டி. மூன்றாவது. பிறகு மாதிரிச் சட்டையைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தார். முதலாளியைக் கூப்பிட்டார்கள். நான் அப்போது சோற்றுத் தூக்கோடு அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். அன்று வேடிக்கை பார்க்க, பின் அறையைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டேன்.

“ஏனுங்க, இந்தப் பல்ல யாருங்க வெச்சது?” முதலாளி எப்போதும் சத்தம் போட மாட்டார். அன்றும் போடவில்லை.

“நாந்தாங்கய்யா” என்றார் அப்பா.

“மாதிரியப் பாக்கலீங்களா?”

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் தூக்கைப் பிடித்திருந்த என் கையை அவர் கை மூடியது.

“பாத்தேங்கய்யா. பாத்துத்தான் செஞ்சேன். கண்ணுக்குச் சரியாப் படல. கொஞ்ச நாளாவே மங்கலாத்தான் இருக்கு.”

சோதனைக்கு வந்தவர் என்னைப் பார்த்தார். “யாரு இந்தக் குழந்தை? உள்ளே எப்படி வந்தது?”

“எம் பொண்ணுதாங்க. சோறு கொண்டாந்தா. இப்பப் போயிருவா.” பிறகு என்னிடம், “நீ போட்டீ. போயி அம்மாக்கிட்டத் தண்ணி வாங்கிக் குடி.”

நான் அம்மாவின் மேசை வரைதான் போனேன். அங்கிருந்தே எல்லாம் கேட்டது. சாயப்பட்டறையிலிருந்து திரும்பியிருந்த அக்கா, ஒரு சட்டையைத் திருப்பி முதுகைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. பிறகு மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, ஏழாவது வரியைச் சொன்னார்.

“கோப்பைக்கான கடைசி ஆட்டத்துல அந்த வட்டு வாயில பட்டு இவருக்கு மூணு பல்லு போச்சுங்க. தாடை கிழிஞ்சுதுங்க. உள்ள போயித் தையல் போட்டுட்டு, அதே ஆட்டத்துக்குத் திரும்பி வந்தாருங்க. வந்து, கடைசி நிமிசத்துல மறுபடியும் குறுக்க விழுந்து தடுத்தாருங்க. அன்னைக்குத்தான் கோப்பை ஜெயிச்சது.”

“அதுக்கு அப்புறம் அவர் பல்லே கட்டிக்கலை” என்றார் சோதனைக்கு வந்தவர். “அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தச் சட்டையை வாங்கப் போறாங்க.”

மையைக் காய வைக்கும் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாதான் முதலில் பேசினாள், தனக்குத்தானே. “அத முதுகுல எழுதிப்புட்டு, மொகத்துல பல்லு வச்சிருக்கோமே.”

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர்கள்கூட எழுந்து வந்து அந்த முகத்தைப் பார்த்தார்கள். வாயில் வட்டு பட்ட மனிதன் மறுபடியும் போய் அதன் முன்னால் விழுந்திருக்கிறான். மாதிரிச் சட்டையில் இருந்த ஓட்டைச் சிரிப்பு அப்போதுதான் எனக்கு முகமாகத் தெரிந்தது. நான் கீறல் என்று விரல் வைத்தது அந்தத் தையல். எனக்குப் பயம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வேறு ஏதோ.

சரி செய்ய வழி சொன்னதும் அப்பாதான். உள்ளங்கை அளவில் ஒரு ஸ்கிரீன். அதில் இரண்டே திறப்பு: பல்லின் இடம், தாடைக் கோடு. சட்டையின் அதே கருநீல மை. அச்சான ஒவ்வொரு சட்டையையும் மறுபடி மேசையில் விரித்து, கண்ணால் இடம் பிடித்து, அந்த மூன்று பல்லை மறைக்க வேண்டும். அக்கா பையரிடம் போனில் பேசினார். திங்கட்கிழமைக்குள் முடிந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உங்கள் அப்பா அம்மாக்கள் எல்லோரும் வந்தார்கள். நாம் கம்பிக்கு வெளியே, அதே செங்கல்மேல். மேசை மேசையாகச் சட்டைகள். வரிசைப் பல்லோடு அவர் ஏதோ பேங்க் மேனேஜர் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா சின்ன ஸ்கிரீனை வைப்பார், ஒரு இழுப்பு, எடுப்பார். பல் போயிருக்கும், தாடையில் தையல் வந்திருக்கும், பேங்க் மேனேஜர் மறைந்து அவர் வந்திருப்பார். முதல் ஐம்பது சட்டைக்கு “போச்சு! போச்சு!” என்று கத்தினோம். அப்புறம் நாமே அடங்கிவிட்டோம். சட்டை சட்டையாக அந்த மனிதர் அடிவாங்கி, சட்டை சட்டையாக எழுந்து சிரித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா கையைத் தூக்க முடியாமல் நின்றார். ஒரு பெட்டிகூடத் தங்கவில்லை.

இடம் தப்பி விழுந்த சட்டைகளை நமக்குத் தந்தார்கள். உங்கள் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருந்தது. சிலவற்றில் ஓட்டை மூக்கில் இருந்தது. எங்கள் வீட்டுச் சட்டை கடைசியில் தரை துடைத்துத் தீர்ந்தது. அந்த நோட்டும் போய்விட்டது, சிடியும் போய்விட்டது. அப்பாவுக்குக் கிடைத்த பெயர் மட்டும் போகவில்லை. நான்காவது வீட்டு அத்தை குழாயடியிலிருந்து கூப்பிட்டாள்: “ஏ பல் டாக்டரு, எனக்குக் கடவாப் பல்லு ஒண்ணு ஆடுது, பிரஷ்ஷக் கொண்டு வாரீயளா?” அப்பா நம்மைவிட அதிகமாகச் சிரித்தார்.

முதலாளி திங்கட்கிழமை வந்தார். “கை தங்கமான கைங்க அண்ணாச்சி, நேத்துப் பாத்தேன். கண்ணுக்குத்தான் கொஞ்சம் ஓய்வு குடுங்க. அந்த மேசைய வேற ஆளு பாத்துக்கட்டுங்க.” அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அப்பா அன்றிலிருந்து நீள மேசையில் மை இழுக்கும் வேலைக்குப் போனார். பின் கதவுக்குப் பூட்டு வந்தது. இரவு சாப்பாட்டு நேரத்தில் அம்மா அவர் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். ஒருநாள் நான், “அப்பா, கீறல்னு சொன்னது நாந்தான, மொதலாளிட்ட” என்று ஆரம்பித்தேன். “சாப்பிடுட்டி, ஆறிப்போவும்” என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை.

பள்ளி திறந்து சில வாரம் கழித்து, ஊரில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். அப்பா போய்வந்தார். அடுத்த வாரம் தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடியோடு முதலாளியின் முன் நின்றார். முதலாளி ஒரு பழைய பிலிமை நீட்டி, இதில் எத்தனை ஓட்டை என்று கேட்டாராம். அப்பா சொன்னார்: ஆறு. முதலாளி தேடிப் பார்த்து ஐந்துதான் கண்டுபிடித்தார். ஆறாவதை அப்பா விரல் வைத்துக் காட்டினார்.

“இப்பத் தெரியுதுங்களா?”

“பளிச்சுன்னு தெரியுதுங்கய்யா.”

மேசை திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்துதான் நீங்கள் எல்லோரும் நடித்துக் காட்டுகிற அந்த அப்பா: நுணுக்கமான வேலை வந்தால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதன் மேல் வழியாகப் பார்ப்பவர். நானும் நடித்துக் காட்டியிருக்கிறேன். ஏன் மேல் வழியாகப் பார்க்கிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஜவுளித் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு விடுமுறையில் தகரப் பெட்டியைச் சுத்தம் செய்தேன். அதற்குள் அப்பாவுக்கு உண்மையிலேயே பார்வை குறைந்து, வேறு கண்ணாடி வந்துவிட்டது. அந்தப் பழைய கறுப்புக் கண்ணாடி அடியில் கிடந்தது. எடுத்துக் காலண்டர்மேல் பிடித்து இடமும் வலமும் அசைத்தேன். பவர் உள்ள கண்ணாடி என்றால் அடியில் எழுத்தும் அசையும். இது அசையவில்லை. மேலும் கீழும் அசைத்தேன். எழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு பக்கமும் வெறும் கண்ணாடி.

இப்போது திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் தரக் கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறேன். பையரின் ஆட்கள் என் மேசைக்கும் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் முதலாவது எது என்று எனக்குத் தெரியும்: இங்கே குழந்தைகள் யாராவது வேலை செய்கிறார்களா? அந்தச் சனிக்கிழமை, பிலிமைப் பார்த்தது என் மகள் என்று அப்பா சொல்லியிருந்தால், அந்த ஆர்டரோடு முடிந்திருக்காது. கம்பெனிக்கு அதன் பிறகு எந்த ஆர்டரும் வந்திருக்காது. நம் பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு அந்தக் கம்பெனியை நம்பித்தான் எரிந்தது. அதையெல்லாம் யோசித்துச் சொல்ல அவருக்கு இருந்தது ஒரு மூச்சு நேரம். தன் கண்ணைத் தூக்கி முன்னால் போட்டார். ஊரில் அவருக்கு இருந்த பேரே அந்தக் கண்தான்.

தகரப் பெட்டியில் அதைக் கண்ட அன்று சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் கண்ணாடியை நீட்டினேன்.

“அப்பா, இதுல பவரே இல்லையே.”

வாங்கிப் பார்த்தார். சட்டை நுனியால் துடைத்தார். “கண்ணு மங்கலுன்னு சொல்லியாச்சு. கண்ணாடி போடாம மேசையத் தருவாவளா?”

“நான் சொன்னதாலதான செஞ்சீங்க. அத ஒரு நாளாவது வீட்டுலயாவது சொல்லிருக்கலாம்லா?”

“நீ என்னட்டி சொன்ன?” என்றார். உண்மையாகவே யோசிப்பவர் போல என்னைப் பார்த்தார். “நீ சோறுல்லா கொண்டாந்த.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

ஆகவே, சட்டைக்குத் திருத்தங்கள். ஒன்று: நரையையும் கன்னக் குழியையும் இருந்தபடியே திருப்பி வையுங்கள். இரண்டு: கண்ணாடியை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். இப்போது போடுவதை அல்ல; அந்தக் கறுப்புச் சட்டத்தை. பழைய புகைப்படம் என்னிடம் இருக்கிறது, மூக்கு நுனியில் இறங்கியிருக்கும், அப்படியே போடுங்கள். மூன்று: பல் டாக்டர் முதல் வரியாகவே இருக்கட்டும், படித்துவிட்டுச் சிரிப்பார்.

மற்ற வரிகளை இதோடு அனுப்பியிருக்கிறேன். ஒரே கம்பெனி, கடைசி வரை என்பது மூன்றாவது. ஆறு முடிந்ததும் எட்டு வரும். ஏழாவது அவர் சொல்லாத வரி; அந்த இடத்தில் ஒரு வரி அளவு வெறும் துணி தெரிய வேண்டும். பிலிம் போடுகிறவரிடம் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விட்டுப்போன இடம் என்று நினைத்து அவர் அதை நிரப்பிவிடக் கூடாது.